சத்தத்தையும் சரிபார்த்துக் கொடுங்கள்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

சென்னை ரிச்சி தெருவிலும், எங்கள் திருச்சி போன்ற ஊர்களின் கடைத்தெருச் சந்துகளிலும் ஸ்க்ரூடிரைவரும் கையுமாக நின்று கணினி அசெம்பிள் செய்து தரும் உங்கள் எல்லோருக்கும் இந்தக் கடிதம். நான் முப்பத்தொரு ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவள். பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடப்புத்தகங்களையும் போட்டித் தேர்வு நூல்களையும் வாய்விட்டு வாசித்துப் பதிவு செய்வதுதான் இப்போது என் அன்றாட வேலை. பதிவறை என்று தனியாக ஒன்றும் கிடையாது. வீட்டின் பின்னறை, துணி பீரோ, சுவரில் தொங்கவிட்ட இரண்டு ஜமுக்காளம், ஒரு மைக், உங்களில் ஒருவர் சேர்த்துக் கொடுத்த ஒரு கணினி. விடிகாலை நாலரை மணிக்கு எழுந்தால், முதல் பஸ் ஹாரன் அடிப்பதற்குள் ஒரு பாடம் முடித்துவிடலாம்.

அந்த நேரத்தில் ஜன்னலைச் சாத்தி, சீலிங் ஃபேனையும் நிறுத்திவிட்டு மைக் முன்னால் உட்காருவேன். அதற்குப் பிறகுதான் அது காதில் விழும். மேசை மேலிருந்த கணினியிலிருந்து ஓயாத ஒரு இரைச்சல். பகலில் சீலிங் ஃபேன் ஓசையிலும் தெருச் சத்தத்திலும் அது ஒளிந்துகொள்ளும். விடிகாலையில் அறையில் அது ஒன்றுதான் மிச்சம்.

முதலில் நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. மிஷின் என்றால் சத்தம் இருக்கத்தான் செய்யும் என்றிருந்தேன். ஒருநாள் ஒரு மாணவன் போன் செய்தான். “டீச்சர், பின்னால மாவு மிஷின் ஓடற மாதிரியே இருக்கு. மூணாவது பாடத்துல நீங்க சொன்னது வலியா, வளியா, வழியா, எனக்குப் புரியல.” அவர்கள் நம்மைப் போல நிதானமாகக் கேட்பதில்லை. நேரம் போதாது என்று ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு இயர்போனில் கேட்பார்கள். அந்த வேகத்தில் ல, ள, ழ மூன்றையும் பிரித்துக் காட்டுவது குரலில் இருக்கும் மிக மெல்லிய சாயல்தான். அந்தச் சாயலின் மேல்தான் என் கணினியின் இரைச்சல் போர்வையாகப் படிந்திருந்தது. வளி என்றால் காற்று. காற்று என்ற சொல்லையே காற்றாடிச் சத்தம் விழுங்கிவிட்டது எனக்குப் பொறுக்கவில்லை.

இரைச்சலை நீக்கும் மென்பொருள் இருக்கிறதே என்று நீங்கள் நினைக்கலாம். ஆடாசிட்டியிலேயே அந்த வசதி உண்டு, நானும் பல மாதம் அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். கொஞ்சமாகப் போட்டால் இரைச்சல் போகாது. அதிகமாகப் போட்டால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலாகிவிடும். சொல்லின் கடைசியில் மெல்ல ஓயும் ஒற்றெழுத்துகளை அது இரைச்சல் என்று எண்ணித் தின்றுவிடும். ‘வந்தான்’ என்பது ‘வந்தா’ என்று முடிந்தால் இலக்கணப் பாடம் என்ன ஆகும்? ஒலிநூல் பதிவில் பரவலாகப் பின்பற்றப்படும் ஒரு கணக்கு, பேச்சில்லாத இடங்களில் பதிவின் அளவு −60 டெசிபலுக்குக் கீழே இருக்கவேண்டும் என்பது. என் அறையில் −48 காட்டியது.

கணினி வாங்கிய கடைக்குப் போய்ச் சொன்னேன். “எல்லா சிஸ்டமும் இப்படித்தான் மேடம் இருக்கும். ஏர்ஃப்ளோ வேணும்ல” என்றார் அங்கிருந்த தம்பி. மரியாதையாகத்தான் சொன்னார். அவர் கடையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது, மேசை மேல் நான்கு கணினிகள் மூடி திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தன, வாசலில் ஆட்டோ. அங்கே நின்று என் கணினியை ஓடவிட்டபோது எனக்கே அது கேட்கவில்லை. அவர் பொய் சொல்லவில்லை என்று அப்போதே புரிந்தது. நீங்கள் யாருமே உங்கள் கணினியை அமைதியான ஓர் அறையில் கேட்டுப் பார்த்ததில்லை. இந்தக் கடிதத்தை எழுத வைத்தது அந்தப் புரிதல்தான்.

அன்று மாலை தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, கேபினெட்டைப் படுக்கவைத்து, பக்கக் கதவைக் கழற்றினேன். பவர் கேபிளை உருவிவிட்டுத்தான். சிபியூ மேலிருந்த ஃபேனைக் கழற்றியதும், அதற்கடியில் ஹீட்ஸிங்க்கின் அலுமினியத் தகடுகளுக்கு மேல் தூசி ஒரு கம்பளித் துணி போல ஒரே விரிப்பாகப் படிந்திருந்தது. நகத்தால் ஓரத்தைத் தூக்கினேன், அடை போல முழுசாக உரிந்து வந்தது. காற்றுப் போகவேண்டிய வழி முழுக்க அடைபட்டிருந்தால், சூடு ஏறுகிறதே என்று மதர்போர்டு ஃபேனை விரட்டிக்கொண்டே இருக்கும். அந்த ஓட்டத்தைத்தான் நான் ஒன்றரை வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி, ப்ளோயரால் ஊதினேன். ஊதும்போது இறக்கைகள் சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளவேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது நல்லதாயிற்று. ப்ளோயர் காற்றில் ஃபேன் தன் அளவுக்கு மீறிச் சுற்றினால் பேரிங் கெடும். கடைகளில் பலரும் ‘விர்ர்ர்’ என்று சுற்றவிட்டு ஊதுவதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

மறுபடி மாட்டி ஓடவிட்டேன். சிபியூ ஃபேன் அடங்கியது. ஆனால் இரைச்சல் பாதிதான் குறைந்தது. மீதிக்குக் காரணம் தேடியபோதுதான், உங்களிடம் மனம் விட்டுப் பேசவேண்டிய விஷயம் கண்ணில் பட்டது.

பின்பக்கத்து ஃபேனின் வயரைத் தொடர்ந்து போனேன். அது மதர்போர்டுக்குப் போகவில்லை. நான்கு பெரிய துளையுள்ள மோலெக்ஸ் வழியாக நேராக எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் போயிருந்தது. முன்பக்கத்து இரண்டு கலர் லைட் ஃபேன்களும் அப்படியே. அதாவது பவர் பட்டனை அழுத்திய நொடி முதல் அணைக்கும் நொடி வரை மூன்றுக்கும் முழு 12 வோல்ட். கணினி சும்மா இருந்தாலும் சரி, உயிரைக் கொடுத்து வேலை செய்தாலும் சரி, அவற்றுக்கு ஒரே வேகம்தான். அந்த வேகத்தைக் குறைக்கச் சொல்ல மதர்போர்டுக்கு வழியே இல்லை. அந்த மதர்போர்டில் ‘சிஸ் ஃபேன்’ என்று அச்சிட்ட இரண்டு ஹெட்டர்கள் தூசி படிந்து காலியாக இருந்தன.

மலிவான கேபினெட்டில் கொடுக்கும் ஃபேன்களுக்கு மோலெக்ஸ் முனைதான் வருகிறது என்பது எனக்குத் தெரியும். உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் வாடிக்கையாளரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். “அக்கா, இந்த மூணு ஃபேனும் எப்பவும் ஃபுல் ஸ்பீடுல ஓடும். எண்ணூறு ரூபா கூடப் போட்டா வேகம் குறைச்சு வைக்கக்கூடியது ஒண்ணு போட்டுத் தரேன்.” இப்படிக் கேட்டிருந்தால் நான் அன்றைக்கே சரி என்றிருப்பேன். லைட் எரியும் மூன்று ஃபேனைவிட, சொன்னதைக் கேட்கும் ஒரு ஃபேன் எவ்வளவோ மேல்.

வேகத்தைக் குறைத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் அது தள்ளும் காற்றும் ஏறத்தாழ பாதியாகும். சத்தமோ சுமார் 15 டெசிபல் இறங்கும். 10 டெசிபல் இறங்கினாலே நம் காதுக்குச் சத்தம் பாதியானது போலத் தோன்றும் என்றால், 15 எவ்வளவு என்று பாருங்கள். காற்று பாதியாகிவிட்டதே என்றால், அதே மாதிரி இன்னொரு ஃபேனைப் பாதி வேகத்தில் ஓடவிடுங்கள். ஒரே அளவு சத்தம் போடும் இரண்டு சேர்ந்தால் கூடுவது 3 டெசிபல் மட்டும்தான். ஆக, ஒரு ஃபேன் முழு வேகத்தில் தள்ளும் காற்றை இரண்டு ஃபேன் பாதி வேகத்தில் தள்ளும், சத்தமோ 12 டெசிபல் குறைவு. தலைகால் தெரியாமல் ஓடும் ஒன்றைவிட நிதானமாக நடக்கும் இரண்டு நல்லது. பெரிய ஃபேனுக்கும் இதே நியாயம்தான். 120 மில்லிமீட்டருக்குப் பதில் 140 பொருந்துமானால் அதன் பரப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல், அதே காற்றுக்கு மெதுவாகச் சுற்றினால் போதும்.

நான் கடைசியில் வாங்கியது நான்கு பின் உள்ள 120 மில்லிமீட்டர் ஃபேன் இரண்டு. ஒன்று பின்னால், ஒன்று முன்னால். லைட் இல்லை, வெறும் கறுப்பு. நாலாவது பின் எதற்கு என்பது உங்களுக்குத் தெரிந்ததே. ஒன்று தரை, ஒன்று 12 வோல்ட், ஒன்று ஃபேன் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று மதர்போர்டுக்குச் சொல்லும், நாலாவது எவ்வளவு வேகம் வேண்டும் என்று மதர்போர்டு ஃபேனுக்குச் சொல்லும். அந்தச் செய்தி நொடிக்கு 25,000 முறை விட்டுவிட்டுத் துடிக்கும் மின்துடிப்பாகப் போகிறது. மனிதக் காது 20,000 வரைதான் கேட்கும் என்பதால் அந்தத் துடிப்பின் கீச்சு நம் காதில் விழாது. இவ்வளவு யோசித்து ஒருவர் வடிவமைத்த பொருளை நாம் மோலெக்ஸில் செருகி வீணாக்குகிறோம்.

இன்னொரு இடத்திலும் இதே தவறு நடக்கிறது. மூன்று பின் ஃபேனை நான்கு பின் ஹெட்டரில் மாட்டினால் நன்றாகப் பொருந்தும், ஓடும். ஆனால் பயாஸில் அந்த ஹெட்டர் பிடபிள்யூஎம் என்று வைத்திருந்தால், மூன்று பின் ஃபேனுக்கு அந்தச் செய்தியைக் கேட்கக் காதே இல்லை, முழு வேகத்தில் ஓடும். அதை டிசி என்று மாற்றிவிட்டால் வோல்டேஜைக் குறைத்து வேகத்தைக் குறைக்கலாம். பயாஸில் ஒரே ஒரு வரி. என் அண்ணன் மகன் வீட்டுக் கணினியில் இதை மாற்றியபோது, வாங்கிய நாளிலிருந்து அலறிக்கொண்டிருந்த அது வாயை மூடிக்கொண்டது. அவன் கணினி நின்றுவிட்டதோ என்று பயந்து மானிட்டரைப் பார்த்தான்.

பிராண்ட் பற்றி என்னிடம் கேட்கிறவர்கள் உண்டு. ஆஸ்திரிய நிறுவனமான நாக்டுவாவின் பழுப்பு நிற ஃபேன்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அவர்களுடைய ஒரு மாடலில் இறக்கை நுனிக்கும் சட்டத்துக்கும் நடுவே வெறும் அரை மில்லிமீட்டர்தான் இடைவெளி. சூட்டிலும் சுழற்சியிலும் இறக்கை நீண்டு சட்டத்தில் உரசிவிடாதபடி அதற்கென்றே தனிப் பிளாஸ்டிக் செய்திருக்கிறார்கள். அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அதன் விலை நான் வாங்கியதைப் போல மூன்று மடங்கு. எல்லா வீட்டுக்கும் அது கட்டாது. நடுத்தர விலையில் ஆர்க்டிக் மாதிரி நிறுவனங்களின் ஃபேன்களே, வேகத்தை அடக்கி ஓட்டினால் போதும். பேரிங் மட்டும் பாருங்கள். சாதாரண ஸ்லீவ் பேரிங் ஃபேனைக் கேபினெட்டின் மேல்கூரையில் படுக்கை வாட்டமாக மாட்டினால் எண்ணெய் நகர்ந்து சீக்கிரம் கரகரக்க ஆரம்பிக்கும். திரவப் பேரிங் உள்ளது அதற்குச் சரி.

ஒவ்வொரு கோளாறுக்கும் ஒரு குரல் உண்டு என்பதை இந்த வேலையில் இறங்கியபின் கற்றுக்கொண்டேன். காற்று பாயும் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் வேகம் அதிகம் என்பதைச் சொல்கிறது, அல்லது ஃபேனுக்கு ஒட்டினாற்போலத் தகட்டுத் துளைகளோ கண்ணாடியோ இருந்து காற்றைக் கிழிக்கிறது. ‘கரகர’ என்றால் பேரிங் காய்ந்துவிட்டது. ‘டிக் டிக்’ என்று சீராக வந்தால் ஏதோ வயர் இறக்கையில் தட்டுகிறது, ஒரு கேபிள் டை போதும். ‘ங்ங்ங்’ என்று மேசை முழுவதும் முனகினால் அது காற்றின் சத்தமே இல்லை, அதிர்வு. எந்த ஃபேன் என்று தெரியவேண்டுமானால் நாளிதழ் ஒரு தாளைக் குழலாகச் சுருட்டி ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையை ஒவ்வொன்றின் அருகிலும் கொண்டுபோனால் போதும். ஸ்டெதஸ்கோப் மாதிரி துல்லியமாகக் காட்டிக்கொடுக்கும்.

அதிர்வைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் என்னை அதிகம் அலையவிட்டது அதுதான். ஏழு இறக்கை ஃபேன் நிமிடத்துக்கு 1200 சுற்று சுற்றினால் நொடிக்கு 20 சுற்று, அதை ஏழால் பெருக்கினால் 140. அதாவது நொடிக்கு 140 அதிர்வு கொண்ட ஒரு சுருதி பிறக்கிறது. ஆண் குரலின் அடிச் சுருதி புழங்கும் இடமே அதுதான். வேகம் கூடி 1700 சுற்றானால் சுருதி 200க்குப் பக்கத்தில் வந்து, என்னைப் போன்ற பெண் குரலின் மேல் வந்து உட்காரும். அதனால்தான் மென்பொருளால் அதைக் குரலிலிருந்து பிரித்தெடுக்க முடியவில்லை.

புது ஃபேன் இரண்டையும் மாட்டிய அன்று இரைச்சல் போய்விட்டது, ஆனால் ‘வோவ்... வோவ்... வோவ்’ என்று ஏதோ ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தம்புரா மீட்டிப் பழகியவர்களுக்கு அது என்னவென்று சட்டென்று தெரியும். இரண்டு தந்திகள் சுருதி சேரும் தறுவாயில், இன்னும் மயிரிழை விலகி இருக்கும்போது எழும் அலை அது. பயாஸில் பார்த்தேன். முன் ஃபேன் 1200, பின் ஃபேன் 1230. ஒன்று 140 அதிர்வு, மற்றொன்று 143 சொச்சம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நொடிக்கு மூன்று நான்கு முறை அலையாக வந்து காதில் மோதியது. தந்திகளைப் போல இவற்றைச் சேர்க்க முடியாது, ஒரே அமைப்பில் ஓடும் ஒரே மாடல் ஃபேன் கூட முப்பது நாற்பது சுற்று வித்தியாசப்படும். அதனால் நன்றாகப் பிரித்துவிட்டேன். முன்னால் 850, பின்னால் 650. அலை போய்விட்டது.

மேசையும் ஒரு குற்றவாளி. என் மேசை உள்ளே கூடான பிளைவுட். அதன் மேல் கேபினெட் இருந்தபோது, வீணைக்குக் குடம் எப்படியோ அப்படி அந்த மேசை ஹார்ட் டிஸ்க்கின் துடிப்பை வாங்கிப் பெரிதாக்கிக் கொடுத்தது. நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 120 அதிர்வில் முனகும். கேபினெட்டைத் தரையில் இறக்கி, காலடியில் பழைய ரப்பர் மிதியடியை நான்கு துண்டாக வெட்டி வைத்தேன். ஃபேன்களை இரும்பு ஸ்க்ரூவுக்குப் பதில் சிலிக்கான் ரப்பர் முளைகளால் மாட்டினேன், அவை ஃபேன் பெட்டியிலேயே வந்தன. கடைகளில் அந்தப் பாக்கெட்டைப் பிரிக்காமலே பெட்டியோடு தூக்கிப் போட்டுவிடுகிறீர்கள். தயவுசெய்து பிரித்து மாட்டுங்கள்.

இனி பயாஸ். ஃபேன் கர்வ் வரைவதற்கு உங்களுக்குச் சொல்லித்தர எனக்குத் தகுதியில்லை, ஆனால் வீட்டில் அது எப்படி நடந்துகொள்கிறது என்று எனக்குத் தெரியும். இந்தக் காலத்துப் பிராசஸர்கள் பிரவுசர் திறந்த ஒரு நொடியில் பத்துப் பதினைந்து டிகிரி ஏறி, அடுத்த நொடியில் இறங்கிவிடும். கம்பெனி அமைப்பு அந்த ஒவ்வொரு துள்ளலுக்கும் ஃபேனைத் துள்ள வைக்கிறது. ‘ஊஊ... ம்ம்... ஊஊ’ என்று மூச்சு வாங்கும். ஒரே சீரான சத்தத்தைக் காது சீக்கிரம் மறந்துவிடும், மாறிக்கொண்டே இருக்கும் சத்தத்தை மறக்கவே மறக்காது. பயாஸில் ஸ்டெப் அப் டைம், ஸ்மூத்திங் என்று வேறு வேறு பெயரில் ஒரு காத்திருப்பு நேரம் இருக்கும். அதைச் சில நொடிகளாக நீட்டிவிட்டால் அந்த மூச்சுவாங்கல் நின்றுவிடும். ஹீட்ஸிங்க் என்ற அலுமினியக் கட்டி ஒரு நொடித் துள்ளலைத் தானே வாங்கிக்கொள்ளும், அதற்கென்று ஃபேன் ஓடி வரவேண்டியதில்லை.

என் கர்வ் இதுதான்: 55 டிகிரி வரைக்கும் 30 சதவீதம், 70இல் 50, 80இல் 75, 90இல் முழு வேகம். பதிவு செய்யும்போது என் கணினி 50ஐத் தாண்டுவதில்லை. முன்னால் மோலெக்ஸில் ஓடிய காலத்தில் 40 இருந்தது. அந்தப் பத்து டிகிரிக்காகத்தான் ஒன்றரை வருடம் அந்த இரைச்சல். இந்தச் சில்லுகள் 95, 100 டிகிரி வரை தாங்கும்படி செய்யப்பட்டவை, அதைத் தொட்டால் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 40க்கும் 50க்கும் அவற்றுக்கு வித்தியாசமே கிடையாது. எனக்குத்தான் உண்டு.

அதற்காக அமைதி வேண்டும் என்று ஃபேனையே கழற்றச் சொல்லவில்லை. 1980இல் ஆப்பிள் த்ரீ என்ற கணினி வந்தபோது அதில் ஃபேனே இருக்கக்கூடாது என்று ஸ்டீவ் ஜாப்ஸ் பிடிவாதமாக இருந்தார். அது சூட்டில் திணறியது, சில்லுகள் சாக்கெட்டிலிருந்து எழும்பிக்கொண்டன, விற்ற கணினிகளைத் திரும்ப வாங்கி மாற்றிக்கொடுக்கும்படி ஆயிற்று. அவர் ஆசை எனக்குப் புரிகிறது. வழிதான் சரியில்லை. ஃபேன் இருக்கட்டும், தேவைக்கு மட்டும் ஓடட்டும்.

தேவை எப்போது என்பதில் நம் ஊர் வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கடை ஏசியில் 25 டிகிரி. என் பின்னறை கத்திரி வெயிலில் மதியம் 36. அந்தப் பதினொரு டிகிரியும் அப்படியே பிராசஸர் சூட்டில் கூடும். மார்கழியில் வரைந்த கர்வ் சித்திரையில் இரைய ஆரம்பிப்பது அதனால்தான். கர்வ் வரையும்போது வீட்டில் ஏசி உண்டா என்று கேளுங்கள். இல்லை என்றால் கீழ்ப்படியை அஞ்சாறு டிகிரி தள்ளி வையுங்கள். அதேபோல, 30 சதவீதத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ஃபேன் நின்ற நிலையிலிருந்து 30 சதவீதத்தில் கிளம்பும் என்று நம்பிவிட வேண்டாம். ஓடுவதற்கு வேண்டிய விசையைவிடக் கிளம்புவதற்கு வேண்டிய விசை அதிகம். கணினியை முழுக்க அணைத்து மறுபடி போட்டு, எல்லா ஃபேனும் எழுந்ததா என்று கண்ணால் பார்த்துவிட்டுக் கதவை மூடுங்கள்.

எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் மட்டும் ஒரு வேண்டுகோள். அதன் ஃபேன் இரைகிறது என்று திறந்து மாற்றித் தருவதாகச் சிலர் சொல்கிறார்கள். நம் வீட்டு 230 வோல்ட், உள்ளே நேர்மின்சாரமாக மாறும்போது 325 வோல்ட் வரை போய்க் கெப்பாசிட்டரில் நிற்கும். கேபிளை உருவிய பிறகும் கொஞ்ச நேரம் அது அங்கேயே இருக்கும். ஒரு ஃபேனுக்காக உங்கள் கையைப் பணயம் வைக்கவேண்டாம். வாடிக்கையாளரிடம் புது எஸ்எம்பிஎஸ் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். நான் அப்படித்தான் செய்தேன்.

எல்லாம் முடிந்த மறுநாள் காலை, நாலே முக்கால். ஜன்னலைச் சாத்தினேன், சீலிங் ஃபேனை நிறுத்தினேன். கணினி ஓடுகிறதா என்று குனிந்து பச்சை விளக்கைப் பார்க்கவேண்டியிருந்தது. அறையில் மெல்லிய வேறொரு ‘ம்ம்ம்’ மட்டும் இருந்தது. தேடியதில் அது யூபிஎஸ். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி, அதன் டிரான்ஸ்ஃபார்மர் 100 அதிர்வில் முனகிக்கொண்டிருந்தது. இவ்வளவு நாள் அது அங்கேயே இருந்திருக்கிறது, எனக்குக் கேட்டதில்லை. ஒரு நீளக் கேபிள் வாங்கி அதை அடுத்த அறைக்குத் தள்ளினேன். பதிவைத் தொடங்கி, பேசாமல் பத்து நொடி விட்டேன். −63.

அந்த மாணவனுக்கு மூன்றாவது பாடத்தை மறுபடி வாசித்து அனுப்பினேன். அவன் மூன்று நாள் கழித்துப் போன் செய்தான். பாடத்தைப் பற்றிக் கேட்பான் என்று பார்த்தால், “டீச்சர், நீங்க பக்கம் புரட்டற சத்தம்கூட கேக்குது” என்றான்.

என்னைப் போலப் பதிவு செய்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான் என்று நினைத்துவிடாதீர்கள். இரவில் குழந்தை தூங்கும் அறையிலேயே கணினி வைத்து வேலை பார்க்கும் பெண்கள் இருக்கிறார்கள். ஆன்லைனில் பாடம் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் மொத்தமாகச் சப்ளை செய்யும் பள்ளிக்கூட லேப்களை எண்ணிப் பாருங்கள். வகுப்பறையில் 35 டெசிபலுக்கு மேல் பின்னணிச் சத்தம் இருக்கக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999இலேயே எழுதிவைத்தது. ஒரே மாதிரி நாற்பது கணினி ஒரே அறையில் ஓடினால், ஒன்று போடும் சத்தத்தோடு 16 டெசிபல் கூடும். லேப்பில் நாற்பது வருடம் நிற்கப்போகிற ஆசிரியையின் தொண்டையை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த இரைச்சலுக்கு மேல் குரலை ஏற்றித்தான் அவர் பாடம் நடத்தியாகவேண்டும். எனக்கு அந்தத் தொண்டை வலி தெரியும்.

உங்கள் நாளில் எத்தனை கணினி, எத்தனை சர்வீஸ், எவ்வளவு பேரம் என்று எனக்குத் தெரியும். அதனால் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. கணினியை ஒப்படைக்கும் முன் இருபது நிமிடம் ஒதுக்குங்கள். மோலெக்ஸில் இருப்பதை எடுத்து ஹெட்டரில் மாட்ட முடியுமானால் மாட்டுங்கள். மூன்று பின்னுக்கு டிசி வையுங்கள். கர்வைத் தாழ்த்துங்கள். பிறகு கடைக்குப் பின்னால் ஸ்டாக் வைக்கும் அறைக்கு அதைத் தூக்கிப் போய், கதவைச் சாத்தி, லைட்டையும் அணைத்து, ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேளுங்கள். உங்கள் காதுக்குப் பிடிக்கவில்லை என்றால் எங்களுக்கும் பிடிக்காது. அந்த இருபது நிமிடத்துக்கு இருநூறு ரூபாய் கூடப் பில் போடுங்கள், மனமுவந்து தருவோம். பில்லின் பின்பக்கத்தில் ஒவ்வொரு ஃபேனும் சும்மா இருக்கும்போது எத்தனை சுற்று என்று பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். ஒரு வருடம் கழித்துச் சத்தம் கூடினால், அந்த எண்ணைப் பார்த்துத் தூசியா, பேரிங்கா என்று நாங்களே கண்டுபிடித்துக்கொள்வோம்.

அடுத்த மாதம் இன்னொரு கணினி வாங்க வருகிறேன். எங்கள் தெருவில் இன்னொரு அம்மா பதிவு செய்ய முன்வந்திருக்கிறார், அவருக்கு. கேபினெட்டில் கண்ணாடி வேண்டாம், லைட் வேண்டாம், முன்பக்கம் வலை இருந்தால் போதும். எந்தக் கடை என்று இன்னும் முடிவு செய்யவில்லை. வாங்குவதற்கு முன் ஸ்டாக் ரூமில் ஒரு நிமிடம் உட்கார அனுமதி கேட்பேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
திருச்சி